மூன்று வருடமாக அதே விலை: காணி, வீட்டு விலைத் தேக்கம் என்றால் என்ன?

மட்டக்களப்பு கல்லடியில் நான் தினமும் கடந்து போகும் ஒழுங்கை ஒன்றின் முனையில் இருபது பேர்ச் வளவு ஒன்று கிடக்கிறது. (பேர்ச் என்பது இங்கே காணி அளக்கும் அலகு.) இரண்டு தென்னை, தூர்ந்துபோன ஒரு கிணறு, முன்பக்கம் தகர வேலி. வேலியில் ஒரு பலகை: ‘காணி விற்பனைக்கு’. கீழே தொலைபேசி எண். 2021 கடைசியில் அந்தப் பலகை ஏறியபோது எழுத்து நல்ல சிவப்பு. உப்புக்காற்றும் வெயிலும் பட்டு இப்போது வெளிறிவிட்டது. எண்ணில் எது 1, எது 7 என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சொந்தக்காரர் தெரிந்த மாமா ஒருவர். பேர்ச் மூன்று இலட்சம் என்று அப்போது சொன்னார். 2024 டிசம்பரில் மழை விட்ட ஒரு நாள் வேலியடியில் நின்றவரிடம் கேட்டேன். அப்போதும் மூன்று இலட்சம்தான்.

“விலை ஒரு சதம் இறங்கல்ல மகன். காணி எண்டா காணிதான். அப்பிடியே நிக்குது” என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

இந்த ‘அப்பிடியே நிக்குது’ என்பதைத்தான் பொருளியலில் தேக்கம் என்கிறார்கள். உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக் கொடுப்பவன் நான். தேக்கம் என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாமாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். உண்மையில் அந்த மூன்று வருடத்தில் அவருடைய வளவுக்கு நிறையவே நடந்திருக்கிறது. பலகையில் மட்டும் அது தெரியவில்லை.

முதலில் சொற்களைப் பிரித்து வைப்போம். ஒரு வளவு போன வருடம் பத்து இலட்சத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போனது, இந்த வருடம் பன்னிரண்டரை. ஏற்றத்தின் வேகம் குறைந்திருக்கிறது, விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் போய் ‘காணி விலை சரிகிறது’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் உண்டு. சரிவு என்றால் பன்னிரண்டு பதினொன்றாக வேண்டும். இரண்டும் இல்லாமல், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீண்ட காலத்துக்கு பன்னிரண்டு பன்னிரண்டாகவே கிடந்தால் அதுதான் தேக்கம். கார்த்திகை, மார்கழியில் அடைமழைக்குள் காணி பார்க்க யாரும் வருவதில்லை. அந்த இரண்டு மாத அமைதியைத் தேக்கம் என்று சொல்லக் கூடாது, அது பருவம்.

எத்தனை மாதம் நின்றால் தேக்கம் என்று எந்தச் சட்டமும் இல்லை. மழையும் வெயிலும் ஒரு சுற்றாவது வந்து போன பிறகும் விலை அசையவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுக்கலாம் என்பது என் கணக்கு.

நின்ற விலையும் ஓடிய காசும்

சரி, மாமாவின் வளவுக்கு வருவோம். இருபது பேர்ச், பேர்ச் மூன்று இலட்சம், ஆக அறுபது இலட்சம். 2021 டிசம்பரில் அறுபது, 2024 டிசம்பரில் அறுபது.

இடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய டிசம்பரை விட 57.2 வீதம் கூடியிருந்தது. அதே வருடம் செப்டெம்பரில் அது 69.8 வீதம் வரை போய் வந்தது. 2023 டிசம்பரில் மேலும் 4 வீதம். 2024 டிசம்பரில் 1.7 வீதம் குறைவு. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால், 2021 முடிவில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானை 2024 முடிவில் வாங்க ஏறத்தாழ 160 ரூபாய் வேண்டும்.

அப்படியென்றால் 2024 இன் அறுபது இலட்சத்தை 1.6 ஆல் வகுத்துப் பாருங்கள். முப்பத்தேழரை இலட்சம். 2021 இன் காசில் சொன்னால் மாமாவின் வளவு அறுபதிலிருந்து முப்பத்தேழரைக்கு இறங்கிவிட்டது. ஒரு சதமும் இறங்கவில்லை என்று அவர் சொல்வதும் உண்மை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்பதும் உண்மை. பலகையில் எழுதும் விலையைப் பெயரளவு விலை என்றும், பணவீக்கத்தைக் கழித்துப் பார்ப்பதை மெய் விலை என்றும் பாடப்புத்தகம் சொல்லும். தேக்கம் என்பது பெரும்பாலும் பெயரளவு விலை அசையாமல் நின்று, மெய் விலை சத்தமில்லாமல் இறங்குவது.

இதையே கட்டட வேலைக்காரரிடம் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்லுவார். 2021 நடுவில் ஆயிரம் ரூபாய் மட்டில் இருந்த 50 கிலோ சிமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. வளவை விற்று வேறிடத்தில் வீடு கட்டலாம் என்று நினைத்தவருக்கு, வளவின் விலை நின்ற இடத்தில் நின்றது, வீட்டின் விலை மூன்று மதில் தாண்டிப் போய்விட்டது.

வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவருக்குக் கணக்கு வேறு. 2021 இல் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் நின்றது. அறுபது இலட்சம் என்றால் 30,000 டொலர். 2024 இல் டொலர் 300 ரூபாய் அளவில். அதே அறுபது இலட்சம் 20,000 டொலர். கத்தாரில் வேலை செய்யும் மருமகனுக்கு இந்த வளவு தேங்கவே இல்லை, மூன்றில் ஒரு பங்கு மலிந்திருக்கிறது. ஒரே பலகை. யாருடைய பையிலிருக்கும் காசால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது நிற்கும், இறங்கும்.

விலை ஏன் இறங்கி வருவதில்லை

மரக்கறி விற்காவிட்டால் பின்னேரம் பாதி விலைக்குப் போகும். மீனும் அப்படித்தான். காணி மட்டும் ஏன் வருடக் கணக்கில் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

காணி அழுகுவதில்லை என்பது பாதிப் பதில். மீதி, நமது பகுதிக்கே உரிய ஒன்று. இங்கே கையில் வளவு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அதைக் கடனுக்கு வாங்கவில்லை. தாய் வழியில் வந்தது, சீதனமாக வந்தது, அல்லது எப்போதோ சல்லி சேர்த்து வாங்கியது. மாதம் மாதம் வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை பற்றை வெட்டக் கூலி, உள்ளூராட்சி சபைக்கு ஏதாவது வரி. அவ்வளவுதான் செலவு. அவசரம் இல்லாதவர் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்? காத்திருக்கிறார்.

கனடாவை எடுத்துப் பாருங்கள். அங்கே நம்மவர்களில் மிகப் பலர் வீட்டைப் பெரும் கடனில் வாங்கியவர்கள். 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் கனடிய மத்திய வங்கி தன் வட்டியை 0.25 வீதத்திலிருந்து 5 வீதத்துக்கு ஏற்றியது. தவணை கூடியது, வாங்க வருபவர்களின் கடன் எல்லை சுருங்கியது. ரொரன்ரோ வட்டார வீட்டு விலை 2022 தொடக்கத்தில் தொட்ட உச்சத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய இறங்கியது. வட்டி ஏறியதில் இலங்கையும் குறைவில்லை. 2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது, அந்த வருடக் கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். ஆனால் மாமாவின் பலகையில் எழுத்து மாறவில்லை, ஏனென்றால் அந்த வட்டி அவரைக் கடிக்கவில்லை.

அது கடித்தது வாங்க வரக்கூடியவரை. அறுபது இலட்சம் ரொக்கமாக வைத்திருப்பவர் அதை 20 வீத வட்டிக்கு வைப்பிலிட்டால் வருடம் பன்னிரண்டு இலட்சம், மாதம் ஒரு இலட்சம். பற்றை வளரும் வளவுக்குள் அந்தக் காசைப் புதைக்க அவருக்கு என்ன தேவை? கடன் எடுத்து வாங்க நினைத்தவர் வட்டியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆக விற்பவர் இறங்கவில்லை, வாங்குபவர் வரவில்லை. விலை நிற்கிறது என்று நாம் சொல்வது பல வேளைகளில் விற்பனை நின்றுவிட்டது என்பதுதான். தேக்கத்தைத் தேடுகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன் எத்தனை வளவு கை மாறியது என்று பார்க்க வேண்டும். விலை குறைந்து காட்ட வேண்டிய வேலையை, விற்பனை எண்ணிக்கை குறைந்து காட்டிவிடும்.

இதனால்தான் கேட்கும் விலைக்கும் கை மாறிய விலைக்கும் இடையில் எப்போதும் கோடு போட்டு வைக்க வேண்டும். மூன்று இலட்சம் என்பது மாமாவின் ஆசை. ஒருவர் வந்து காசு எண்ணி, நொத்தாரிசு முன்னால் இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் அது விலை. காணித் தரகர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு எந்த வருடமும் ‘இப்பதான் வாங்க நல்ல நேரம்’.

நாட்டின் விலை, நமது ஒழுங்கையின் விலை

‘இலங்கையில் காணி விலை உயர்வு’ என்று செய்தி வரும்போது கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். அந்தச் செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மத்திய வங்கி அரை வருடத்துக்கு ஒரு தடவை வெளியிடும் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி. அரசாங்க விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் தரவுகளைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அது கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும் உரியது. நல்ல வேலைதான், ஆனால் தெஹிவளையில் ஏறியது தாழங்குடாவில் ஏறியதற்குச் சாட்சி ஆகாது. மட்டக்களப்பு, அம்பாறைக்கென்று அப்படி ஒரு சுட்டெண்ணை நான் கண்டதில்லை. நமக்கு இருப்பது தேநீர்க் கடைக் கதையும், முகநூல் விளம்பரமும், ‘அந்த வளவு அவ்வளவுக்குப் போனதாம்’ என்ற ‘தாம்’ உம்தான்.

இந்த ‘தாம்’ ஆபத்தானது. ஒரு ஒழுங்கையில் பத்து வருடத்தில் இரண்டு வளவுதான் விற்பனைக்கு வரும். அதில் ஒன்றை, பக்கத்து வளவில் தாய் தகப்பன் இருக்கிறார்கள் என்பதற்காக சுவிஸிலிருந்து ஒரு மகள் கேட்ட விலை கொடுத்து வாங்கிவிடுகிறார். அவருக்கு அது தாயின் குசினிக் கதவிலிருந்து பத்து அடி. அந்தப் பத்து அடிக்கும் சேர்த்துத்தான் அவர் விலை கொடுத்தார். மறுகா அந்த ஒழுங்கையில் ஒவ்வொருவரும் தன் வளவுக்கும் அதுதான் விலை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சந்தை மெலிந்த இடத்தில் ஒரு விற்பனை எல்லாருடைய விலையாகவும் பல வருடம் நின்றுவிடும். நமது பகுதியில் தேக்கம் போலத் தெரிவதில் பாதி இப்படி ஒற்றை விற்பனையில் பிறந்தது என்பது என் எண்ணம்.

அப்புறம் சராசரி. ஒரு வருடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பேர்ச் 50,000 ரூபாய்க்கு மூன்று விற்பனை, நகரத்தில் 5 இலட்சத்துக்கு ஒன்று நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1,62,500. அடுத்த வருடம் படுவான்கரையில் ஒன்று, நகரத்தில் மூன்று. எந்த இடத்திலும் விலை ஒரு ரூபாய் மாறவில்லை. சராசரியோ 3,87,500. ‘விலை இரு மடங்குக்கு மேல் பாய்ந்தது’ என்று யாராவது எழுதினால் கணக்குப் பிழையில்லை, கதை பிழை.

எழுவான்கரையும் படுவான்கரையும்

பிராந்திய வேறுபாட்டை விளக்க உலகம் சுற்றத் தேவையில்லை. நமது வாவியே போதும். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை: கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளமான மணல் திட்டு, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று தெற்கே ஊருக்கு மேல் ஊர். சூரியன் படும் பக்கம் படுவான்கரை: கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, மண்டூர் என்று வயலும் மாடும் குளமும்.

எழுவான்கரையில் காணி கூடவே முடியாது. கிழக்கே கடல், மேற்கே வாவி. பிள்ளைகள் மட்டும் கூடுகிறார்கள். அதோடு இங்கே, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகையால் மூன்று மகள் இருக்கிற தகப்பனுக்கு மூன்று வீட்டுக்கு இடம் வேண்டும், அதுவும் தாய் வளவுக்குக் கிட்ட. இருபது பேர்ச் பத்தாகி, பத்து ஐந்தாகி, ஐந்தில் மாடி எழும்புகிறது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒரு ஒழுங்கை நடந்து பார்த்தால் இது புரியும். இப்படிப்பட்ட இடத்தில் நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போனாலும் காணிக்கான கேள்வி, அதாவது வாங்கும் தேவை, வற்றாது. பணம் இல்லாத வருடத்தில் விலை ஏறாமல் நிற்கும், இறங்க மனம் வராது. எங்கோ இருக்கிற மலிந்த வளவு, இங்கே மகளுக்குத் தேடுகிற வளவுக்கு மாற்று ஆகாது என்பதுதான் காரணம்.

படுவான்கரையில் காணிக்குக் குறைவில்லை. விலையைத் தடுத்து வைத்திருந்தது தண்ணீர். மண்முனையில் பாதை வரும் வரை துறையில் நின்ற ஞாபகம் பலருக்கு இருக்கும். (வெளியூர் வாசகர்களுக்கு: நாங்கள் ‘பாதை’ என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை.) இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வாவி ஒரு பெரிய தூரம். 2014 இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தது. கொக்கட்டிச்சோலை இருந்த இடத்திலேயே இருந்தது, நகரம்தான் கிட்ட வந்தது. பாலத்துக்கு அந்தக் கரையில் காணி விசாரிக்கும் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கியதை அந்த ஊர் ஆட்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இன்றும் பாதையிலேயே கடக்கிற குருமண்வெளித் துறைப் பக்கம், மண்டூரில், அந்த மோட்டார் சைக்கிள்கள் அவ்வளவு இல்லை.

இதில் தொடக்ககாரர்கள் வழுக்கி விழும் ஓரிடம் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பேர்ச் 20,000 இருந்தது 40,000 ஆகிவிட்டது, நகரத்தில் 5 இலட்சம் ஐந்தரை ஆனது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். முதலாவது 100 வீத ஏற்றம், இரண்டாவது 10 வீதம். ஆனால் ரூபாயில் முதலாவது 20,000 கூடியது, இரண்டாவது 50,000. வீதத்தில் முந்தியவர் ரூபாயில் பிந்திவிட்டார். ‘எந்தப் பகுதியில் விலை அதிகம் ஏறியது’ என்று கேட்டால் எதில் அளந்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சிறிய எண் இரட்டிப்பது சுலபம்.

இன்னொன்று, உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். படுவான்கரையிலும் அம்பாறை மாவட்டத்தின் கல்ஓயாத் திட்டக் குடியேற்றங்களிலும் நிறையக் காணி அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. அதை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும், அதன் மேல் கடன் எடுப்பதும் கடினம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு வளவில் ஒன்று உறுதிக் காணி, மற்றது பெர்மிட் காணி என்றால் இரண்டுக்கும் இரண்டு சந்தை. முதலாவது ஓடும்போது இரண்டாவது தேங்கி நிற்கும். அதை ஊரின் தேக்கம் என்று எண்ணிவிடக் கூடாது, அது காகிதத்தின் தேக்கம்.

ஒரே ஊருக்குள்ளும் இரண்டு திசை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று 2005 இல் தடை வந்தது. பிறகு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அந்த இடைக்காலத்தில் கடற்கரை வளவை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, உள்ளே இருந்த மேட்டுக் காணிக்கு அடிபிடி. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் உள்ளே போனால் வயல்தான். வயலை நிரப்ப கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆக கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த மேட்டுக் காணியின் மேல் முழுக் கனமும் விழுந்தது. அரைக் கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்று ஏறியது, ஒன்று செத்துப் படுத்தது. அந்த வருடம் ‘கல்முனைக் காணி விலை’ என்று ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால் அது இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கும்.

வாடகை கேட்கிற இடங்களுக்குத் தனிக் கதை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மாணவர் அறை, விரிவுரையாளர் வீடு என்று வருடா வருடம் ஆள் வரும். பாசிக்குடாவில் போர் முடிந்த பிறகு ஹோட்டல்கள் எழும்பின, கடலோரக் காணியை உல்லாசப் பயணி வருவாரா என்ற கேள்வி கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். அங்கே விலை ஏறுவதும் தேங்குவதும் விமான நிலையத்தைப் பார்த்து நடக்கும், நமது சீதனக் கணக்கைப் பார்த்து அல்ல.

தண்ணீர் தேங்குகிற காணியில் விலையும் தேங்கும் என்பதைப் பொருளியல் ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. காணி பார்க்கப் போகிறவர்கள் மார்கழியில் போய்ப் பாருங்கள்.

அவர்களுடைய வடகிழக்கு

வெளிநாட்டு உதாரணம் ஒன்று மட்டும். பிரித்தானியாவில் 2007, 2008 நிதி நெருக்கடியில் வீட்டு விலை எல்லாப் பகுதியிலும் விழுந்தது. எழும்பியதுதான் ஆளுக்கொரு மாதிரி. லண்டன் சில வருடங்களிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. வடகிழக்கில் பழைய விலையை மறுபடி தொடப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. வடகிழக்கு என்றதும் நமக்கு வேறு நினைவு வரும், நான் சொல்வது இங்கிலாந்தின் வடகிழக்கு, நியூகாசில் பக்கம். சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடிய பிறகு வேலை மெலிந்த பகுதி. வட அயர்லாந்தில் உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் விழுந்தது. 2016 க்குப் பிறகு ஆட்டம் மாறியது. லண்டன் பல வருடங்கள் மற்றப் பிராந்தியங்களை விட மெதுவாக ஏறியது. ஒரே நாடு, ஒரே மத்திய வங்கி, ஒரே வட்டி. வேலை எங்கே, வீடு கட்ட இடம் எங்கே, சம்பளத்துக்கு ஏற்கனவே எட்டாத விலை எங்கே என்பதில்தான் வேறுபாடு.

அங்கே பொறாமைப்பட ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையைக் காணிப் பதிவகம் பொதுவில் வைத்திருக்கிறது. ஈஸ்ட்ஹாமில் இருக்கிற மச்சான் தன் பக்கத்து வீடு எந்த மாதம் எவ்வளவுக்குப் போனது என்று கைத்தொலைபேசியில் பார்த்துவிடுவார். இங்கே உறுதியில் எழுதும் விலையே சில வேளை கைமாறிய காசு அல்ல. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம், அறுபது இலட்சத்துக்கு 2,39,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதும் ஆசை வருகிறது. பிறகு எந்தப் புள்ளிவிபரக்காரர் வந்து என்ன சுட்டெண் செய்வார்?

சுட்டெண் இல்லாத ஊரில் நாமே விசாரிக்கலாம். ‘இங்க பேர்ச் என்ன விலை’ என்று கேட்டால் ஆசை விலைதான் வரும். ‘இந்த ஒழுங்கையில கடைசியா வித்த வளவு எது, எந்த வருசம், வாங்கினது ஆரு’ என்று கேளுங்கள். வாங்கினவர் பக்கத்து வளவுக்காரரின் மகளா என்பது முக்கியம். வீடு என்றால் வாடகையையும் கேளுங்கள். ஒன்றரைக் கோடி சொல்லும் வீட்டுக்கு மாத வாடகை 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000, அதாவது விலையில் 2.4 வீதம். வாடகை பொய் சொல்வது குறைவு, ஏனென்றால் அதை ஒருவர் மாதா மாதம் கொடுக்கிறார். வாடகை ஏறாமல் விலை மட்டும் உயரத்தில் நின்றால் அந்த விலை எதை நம்பி நிற்கிறது என்று யோசிக்கலாம்.

இவ்வளவையும் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். முப்பத்தேழரை இலட்சக் கணக்கை வேலியில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். “அப்ப இப்ப வித்தா நட்டமா மகன்?” என்றார். வாங்க ஆள் வந்தால் அல்லவா நட்டம் பார்க்க என்றேன். சிரித்தார்.

போன கிழமை அந்த வழியால் வந்தபோது பலகை இல்லை. தகரத்தில் ஆணி அடித்த நாலு துளை மட்டும் தெரிந்தது. உள்ளே கிணற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விற்றுவிட்டாரோ, அப்படியென்றால் எவ்வளவுக்கு என்று கேட்க மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இந்த ஒழுங்கைக்கு ஒரு கை மாறிய விலை கிடைக்கப் போகிறது என்ற ஆசை எனக்கு.

“விக்கல்ல மகன். சின்னவளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு. பாதியில வீடு கட்டுவம் எண்டு” என்றார் மாமா. பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “சிமெந்து இப்ப என்ன விலை போகுது?”